உப்பில்லா ஆணம்

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது முதுமொழி. வகுப்பறையில் நின்று பிள்ளைகளுக்கு இம்முதுமொழியின் பொருளைப் பலமுறை விளக்கியவன் நான். ஆயினும், சென்ற ஓராண்டுக்கும் மேலாக எங்கள் வீட்டுக் குசினியில் உப்பில்லாத ஆணம் ஒன்று கிழமைக்கு இருமுறை கொதித்துக்கொண்டிருக்கிறது. அதில் உப்பு மட்டுமா இல்லை? மிளகாய் இல்லை, வெங்காயம் இல்லை, உள்ளி இல்லை, தேங்காய்ப்பாலின் வாடைகூட இல்லை. கிழக்கிலங்கை முஸ்லிம் வீடொன்றில் இத்தகைய ஆணம் ஆக்கப்படுகிறதென்று எங்கள் முன்னோர் கேள்விப்பட்டால் குடும்ப மானமே போயிற்றென்று வருந்துவர். நல்லவேளையாக, அது எங்களுக்காக ஆக்கப்படுவதன்று. வயிறு கெட்டுப்போன ஒரு பூனைக்காக ஆக்கப்படுவது.

பூனைக்குச் சமையலா என்று வாசகர்கள் நகைக்கலாம். நானும் ஒரு காலத்தில் நகைத்தவனே. ஆனால், அந்தச் சிறு சட்டியின் முன் நின்று நான் கற்றுக்கொண்ட பாடம், முப்பது வருடம் கரும்பலகையின் முன் நின்று கற்பித்த பாடங்களிற் சிலவற்றைக் காட்டிலும் பெரிதெனத் தோன்றுகிறது. ஆதலின் எழுதத் துணிந்தேன்.

எங்கள் நிந்தவூர், கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குச் செல்லும் கடலோரப் பெருந்தெருவிலே, காரைதீவுக்குத் தெற்கே அமைந்த ஊர். கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். கரைவலை நிறையும் காலத்தில் ஊரெங்கும் மீன் வாடை வீசும். மீன் வியாபாரியின் சைக்கிள் ஒழுங்கைக்குள் நுழைந்ததும், மதிலின்மேல் உறங்குவதுபோற் கிடந்த பூனைகளெல்லாம் ஒரே நேரத்திற் கண்விழிக்கும். கீரிமீனின் தலையும் சாளையின் குடலும் அவற்றின் நாட்கூலி. பூனைக்கென்று தனியே உலை வைப்பது இவ்வூர் வழக்கமன்று. மீன் கழுவும் இடமே அதற்குப் பந்தி.

இப்பகுதியின் மற்றொரு வழக்கத்தையும் இங்கே கூறுதல் வேண்டும். இக்கரையோர முஸ்லிம்களிடையே வீடு பெண்ணுக்கு உரியது. மணமகன் மனைவியின் வீட்டிலே வந்து குடியேறுகிறான். நானும் அவ்வாறு வந்தவன்தான். எனக்குப் பல்லாண்டுகள் பிந்தி, ஒரு மாரிகால இரவிலே, நனைந்த சாம்பல்நிறக் குட்டியொன்று அதே வாசற்படியால் உள்ளே வந்தது. என் மாமியார் அதைத் துணியால் துடைத்து, 'சீதேவி' என்று பெயரிட்டார். 'மருமகனும் வந்த ஆள்தான். இதுவும் வந்த ஆள்தான். இரண்டும் இந்த வீட்டுக்குரியவை' என்று அவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. அவர் மறைந்த பின்னர், அவர் இருந்த பாயின் ஓரத்திலே அப்பூனை நாட்கணக்காகப் படுத்துக் கிடந்ததை என் மனைவி இன்றும் சொல்லிக் கண்கலங்குவாள்.

அந்தச் சீதேவிக்குத்தான் நோய் கண்டது. முதலில் கிழமைக்கு ஒருமுறை வாந்தி. பின்னர் நாள்தோறும் வாந்தி. அதனோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. நாலு கிலோ நிறையிருந்த உடல் மூன்று கிலோவுக்கு வந்தது. தாயின் கையால் வளர்ந்த கடைசி உயிர் தன் கண்முன்னே கரைவதைக் கண்டு என் மனைவி கலங்கினாள். நாங்கள் அறிந்த வைத்தியமெல்லாம் செய்தோம். அறிந்த வைத்தியம் என்கிறேன்; உண்மையில் அது அறியாமையின் வைத்தியம்.

முதலிற் பால் வைத்தோம். பூனைக்கும் பாலுக்கும் உள்ள உறவைத் தமிழ் படித்தவனுக்கு யார் சொல்ல வேண்டும்? பாற்கடலை முற்றாக நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டு அவையடக்கம் பாடினார் கம்பர். 'பூசை' என்பது அவர் ஆண்ட சொல். கவிதை அழகானதுதான். ஆனால், தாய்ப்பால் மறந்த பூனைகளிற் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குன்றிவிடுகிறது. கம்பரின் பூனை பாற்கடலில் ஒரு கிண்ணம் குடித்திருந்தாலும் வயிறு கலங்கித் திரும்பியிருக்கும். எங்கள் சீதேவிக்கும் அதுவே நேர்ந்தது.

அடுத்து, வயிற்றுப் பொருமலுக்கு உள்ளி நல்லதென்ற நம்பிக்கையில், கஞ்சியோடு இரண்டு பல் உள்ளியை நசுக்கிக் கலந்தோம். நல்லவேளை, பூனை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்குவன என்பதைப் பின்னர் அறிந்தபோது என் கை நடுங்கிற்று. அன்பினாலே நஞ்சு வைக்கப் பார்த்தோம். எங்களைவிட அந்தப் பிராணிக்கு விவேகம் அதிகம் இருந்தது.

இறுதியில் மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். அவர் முதலிற் குடற்புழுவைச் சோதித்தார், இரத்தத்தையும் சோதித்தார். வயது சென்ற பூனைக்குச் சிறுநீரகத்தாலும் கேடயச் சுரப்பியாலும் இத்தகைய நோய் வரலாமாதலால், அவற்றை விலக்கிய பின்னரே உணவைப்பற்றிப் பேச வேண்டும் என்றார். எல்லாம் விலக்கியாயிற்று. 'என்ன தின்று வளர்ந்தது?' என்று கேட்டார். 'மீன்; எப்போதாவது மாட்டிறைச்சி' என்றோம். அவர் புன்னகை செய்தார். பூனைகளுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும் உணவுகளில் முன்வரிசையில் நிற்பவை மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகிய மூன்றுமாம். நெடுங்காலம் தின்ற புரதமே பிற்காலத்திற் பகையாகலாமாம்.

கடற்கரை ஊர்ப் பூனைக்கு மீன் ஆகாதா? எனக்கு அது நம்பத்தகாததாக இருந்தது. வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டியபோது வியப்புத் தணிந்தது. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் வட ஆபிரிக்காவிலும் வாழும் காட்டுப்பூனை. வறண்ட நிலத்தின் பிள்ளை. மனிதனோடு புதைக்கப்பட்ட பூனையொன்றின் எலும்புக்கூட்டைச் சைப்பிரசுத் தீவிற் கண்டெடுத்த ஆய்வாளர், அது ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழைமையுடையதென 2004ஆம் ஆண்டில் அறிவித்தனர். தானியக் களஞ்சியத்தின் எலியைத் தேடி மனிதனிடம் வந்த பிராணி அது. கடலைத் தேடி வந்ததன்று. நம் சங்கப் புலவர் பாடிய 'வெருகு' என்னும் காட்டுப்பூனையும் மாலை வேளையிலே மனைக்கோழியைக் கவரவே பதுங்கி வருகிறது. மீனைப் பூனையின் பிறப்புரிமை ஆக்கியவர்கள் கடற்கரையில் வாழும் நாம்தாம்.

வைத்தியர் கூறிய வழி எளிது. இதுவரை அது உண்டறியாத ஓர் இறைச்சியை மட்டும், வேறெதுவும் கலவாமல், சில கிழமைகள் கொடுக்க வேண்டும். முயலும் வாத்தும் எங்களுக்கு எளிதிற் கிட்டா. ஆட்டிறைச்சியே கைக்கெட்டியது. மறுநாள் நானே சட்டியை அடுப்பிலேற்றினேன். கொழுப்பு நீக்கிய தசையைச் சிறு துண்டுகளாக்கி, நிறைய நீர்விட்டு நன்றாகக் கொதிக்க வைத்தேன். நுரைத்த நீரையெல்லாம் சுத்தமாக வடித்துக் கொட்டினேன். வெளுத்த இறைச்சியைப் பிய்த்து வைத்தேன். சீதேவி தின்றது. வாந்தி குறைந்தது. இரண்டாம் கிழமையில் வயிறும் கட்டியது. வெற்றிக் களிப்போடு வைத்தியரிடம் சென்று என் பாகத்தை விவரித்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, 'இரண்டு கிழமைக்கு இது மருந்து. இரண்டு வருடத்துக்கு இது பட்டினி' என்றார்.

பட்டினியா! தட்டு நிறைய இறைச்சியை வைத்துவிட்டுப் பட்டினி என்று எப்படிச் சொல்வது?

அதற்கு விடை ஒரு பழைய கதையில் இருக்கிறது. 1932ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுகள் கலிபோர்னியாவிலே பொட்டெஞ்சர் என்னும் வைத்தியர் நூற்றுக்கணக்கான பூனைகளை வளர்த்து ஆராய்ந்தார். பச்சை இறைச்சி தின்ற பூனைகள் நலமாக வாழ்ந்தன. சமைத்த இறைச்சி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன. நெருப்பே பகை என்று பலர் முடிவுகட்டினர். உண்மை அதனினும் நுட்பமானது. டோரின் என்றொரு பொருள் உண்டு. 1827ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானிகள் இருவர் எருதின் பித்தநீரிலிருந்து முதலிற் பிரித்தெடுத்தமையால், எருதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு அப்பெயர் வந்தது. மனித உடல் தனக்குத் தேவையான டோரினைப் பெரும்பாலும் தானே ஆக்கிக்கொள்கிறது. பூனையின் உடலோ போதிய அளவு ஆக்கமாட்டாது. ஆயினும் தன் பித்தநீருக்காக அதையே ஓயாமற் செலவிடுகிறது. ஆகவே, இறைச்சியிலிருந்து நாள்தோறும் பெற்றே தீர வேண்டும். அதுவோ நீரிற் கரையும் பொருள். இறைச்சியைக் கொதிக்கவைத்தால் அதிற் பெரும்பங்கு நீருக்குள் இறங்கிவிடும்.

டோரின் குறைந்த பூனையின் விழித்திரை கெட்டுக் கண் மங்கும் என்பதை 1975ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். 1987ஆம் ஆண்டில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர், இதயம் விரிந்து தளர்ந்து பூனைகள் மடிவதற்கும் இக்குறையே காரணமென்று காட்டினர். டோரினைக் கொடுத்ததும் அத்தகைய பூனைகள் பலவற்றின் இதயம் மீண்டும் வலுப்பெற்றது. பொட்டெஞ்சரின் பூனைகளுக்கு நேர்ந்ததும் பெரும்பாலும் இக்குறைதான் என்று இன்று பலர் கருதுகின்றனர்.

நான் சுத்தமென்று கருதி வடித்துக் கொட்டிய நீரிலேதான் சீதேவியின் கண்ணும் இதயமும் இருந்தன!

அன்று முதல் என் பாகம் மாறியது. பூனை தானே வேட்டையாடினால் என்ன தின்னும் என்று எண்ணிப் பார்த்தேன். எலி. அதிலே தசை உண்டு, இதயம் உண்டு, ஈரல் உண்டு, எலும்பு உண்டு. எலி என்பது பூனைக்கு ஒரு முழுமையான பந்தி. நான் சட்டியிலே செய்ய வேண்டியது, ஆட்டைக் கொண்டு ஓர் எலியைக் கட்டியெழுப்பும் வேலையே.

அதன் முறையைச் சொல்கிறேன். அரைக் கிலோ இறைச்சியில் கணிசமான பங்கு ஆட்டு இதயமாக இருக்க வேண்டும். ஓயாது உழைக்கும் அத்தசையிலே டோரின் மிகுதி. அதனோடு மிகச் சிறிதளவு ஈரல், அதாவது இருபதில் ஒரு பங்குக்கு மேற்படாமல். பூனைக்கு வேண்டிய விட்டமின் ஏ அதில் உண்டு; அளவு மிஞ்சினால் அந்த விட்டமினே எலும்பைக் கெடுக்கும். மூழ்கும் அளவுக்கு மட்டும் நீர்விட்டு, மூடி, மெல்லிய தீயில் வேக விட வேண்டும். வெந்த நீரைக் கொட்டலாகாது. ஆறியபின் மேலே உறையும் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, இறைச்சியைக் கொத்தி, அந்த நீரோடு பிசைய வேண்டும். வறண்ட நிலத்தின் வழிவந்த பூனை தாகம் அறிந்து நீர் குடிப்பது குறைவு. உணவோடு நீர் செல்வது அதன் சிறுநீரகத்துக்கும் நல்லது.

இனி எலும்பு. இறைச்சியிற் பொசுபரசு மிகுதி, கல்சியம் மிகக் குறைவு. வெறும் இறைச்சியே தின்னும் குட்டிகளின் எலும்பு மெலிந்து முறியும். ஆனால் வெந்த எலும்பைக் கொடுத்தல் ஆபத்து. அது கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். அதற்கு ஈடாக, முட்டைக்கோதைக் கழுவிக் காயவைத்து, வறுத்து, மாவாக இடித்து, அரைக் கிலோ இறைச்சிக்கு அரைத் தேக்கரண்டி வீதம் சேர்க்கிறேன். இவ்வளவு செய்தும் எலி முழுமையடையவில்லை. வைத்தியர் எழுதித் தந்த டோரின் தூளும் விட்டமின் தூளும் ஆறிய பின்னர் சேர்ந்தால்தான் கணக்குச் சரியாகும். வீட்டுச் சமையலை மாதக்கணக்கில் தொடர்வோர் இந்தக் கணக்கைத் தம் ஊகத்துக்கு விடலாகாது.

இளஞ்சூடாக, நாளொன்றுக்கு நூற்றிருபது கிராம் அளவில், நான்கு வேளையாகப் பிரித்து வைக்கிறோம். பலவீனமான வயிறு ஒரே வேளையிற் சுமை தாங்காது. புதிய உணவைச் சட்டென்று திணிக்காமல், ஒரு கிழமை பத்து நாளில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். பசித்தால் தின்னட்டும் என்று பூனையை நாட்கணக்கிற் பட்டினி போடுவதோ பெருந்தவறு. அதன் ஈரலிற் கொழுப்பேறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

சீதேவி தேறியது. ஆனால் சோதனை முடியவில்லை. அடுத்த வீட்டுச் சிறுவன் ஒருவன், வயது ஏழு. தகப்பன் கடற்றொழிலாளி. பூனையின் மேல் அவனுக்கு உயிர். 'பாவம், இதுக்கு மீனே குடுக்கிறாங்க இல்ல' என்று இரங்கி, தன் பங்கிலிருந்து பொரித்த கீரிமீன் ஒன்றை ஒளித்துக் கொண்டுவந்து மூன்று நாள் கொடுத்திருக்கிறான். மூன்றாம் நாளிரவு மீண்டும் வாந்தி, மீண்டும் வயிற்றுப்போக்கு. மீனே பகை என்பது ஐயமறத் தெளிவாயிற்று. சிறுவன் சுவரோரம் நின்று விம்மினான். அவனைக் கண்டிக்க எனக்கு என்ன தகுதி? அவன் கொடுத்தது மீன். நான் கொடுத்தது உள்ளி. இருவரிலும் குற்றம் கூடியவன் வயதில் மூத்தவனே.

அந்தச் சிறுவனின் தாய் ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்று சொன்னாள்: 'சேர், மனுசருக்கே ஆட்டிறைச்சி எட்டாத காலம். பூனைக்குப் போய் ஆக்கிக் குடுக்கிறீங்களே.' அவள் குரலிற் கேலி இல்லை, குற்றச்சாட்டுக்கூட இல்லை. அதனாலேயே அச்சொல் என்னைச் சுட்டது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற மக்கள் நாங்கள். அந்த நாட்களின் தழும்பு எத்தனையோ வீட்டு அடுப்புகளில் இன்னும் இருக்கிறது. இத்தகைய ஊரிலே ஒரு பூனைக்கு ஆட்டிறைச்சி வேக வைப்பது இரக்கமா, இறுமாப்பா? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பூனையை அடைத்து வைத்துப் பட்டினி போட்ட பெண்ணொருத்தி தண்டனைக்குரியவள் ஆனாள் என்ற நபிமொழியை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியின் சிற்றுயிர்களைத் தின்ன விடவும் இல்லை என்பதே அவள் மீதுள்ள குற்றம். பூனையின் உணவு இன்னதென்று அந்நபிமொழி அறிந்து பேசுவதை நான் அவ்விரவிலேதான் கவனித்தேன். இன்னொரு செய்தியும் நினைவுக்கு வந்தது. அபூ கதாதா (ரழி) அவர்கள் வுழூச் செய்ய வைத்திருந்த நீரை ஒரு பூனை நாடி வந்தது. அவர்கள் பாத்திரத்தை அதற்கு எட்டும்படி சரித்துப் பிடித்தார்கள். வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று, அது நம்மைச் சுற்றி வாழ்வது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னார்கள். நீர் கொடுப்பது எளிது. குடிப்பவரின் வாய்க்கு எட்டும்படி பாத்திரத்தைச் சரிப்பதிலேதான் இரக்கம் முழுமையடைகிறது. நான் கற்ற பாடம் இதுவே. நமக்கு ருசியானதை, நமக்கு மருந்தானதை, நமக்குச் சுத்தமாகத் தோன்றுவதைக் கொடுப்பது அன்பின் தொடக்கந்தான். கொள்பவரின் உடலும் இயல்பும் இன்னவென்று கற்றுக் கொடுக்கும்போதே அந்த அன்பு பயன்படுகிறது. வகுப்பறையில் எத்தனை பிள்ளைகளுக்கு நான் இதைச் செய்யத் தவறினேன் என்று அவ்விரவிலே எண்ணிப் பார்த்தேன்.

ஆனால், அயல்வீட்டுப் பெண்ணின் கேள்விக்கு அது விடையாகுமா? விடையை என் மனைவி கண்டாள். விடியற்காலையில் அவள் கேட்டது ஒன்றே: 'ஆணத்தைக் கூட்டினால் என்ன?' கறி சமைக்கும்போது நீரைக் கூட்டி அயலவரைக் கவனித்துக்கொள்ளும்படி அபூதர் (ரழி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியைத்தான் அவள் கருதினாள்.

அன்று தொட்டு எங்கள் வீட்டில் ஒழுங்கு இது. ஆட்டிறைச்சி வாங்கும் நாளில் இரண்டு அடுப்பு மூட்டப்படும். கடைக்காரர் குறைந்த விலைக்குத் தரும் இதயமும் கழுத்துப்பக்கத்துச் சிறு துண்டுகளும் உப்பில்லாச் சட்டிக்குப் போகும்; அதுவே சீதேவிக்கு உகந்ததும்கூட. நல்ல துண்டுகள் வெங்காயமும் மிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து ஆணமாகும். எங்களுக்கு முன்னர் ஒரு கோப்பை வேலிக்கு அப்பால் போகும். நாங்கள் ஆட்டிறைச்சி உண்ணும் நாட்கள் முன்னைவிடக் குறைந்துவிட்டன. அதை உண்ணும் வீடுகள் ஒன்றிலிருந்து இரண்டாயின. இதனால் ஊரின் வறுமை தீர்ந்துவிட்டதென்று நான் கூறவில்லை. வேலிக்கு அப்பால் நிமிர்ந்து பார்க்க எனக்கு முடிகிறது, அவ்வளவே.

கழுவிய கோப்பையைத் திருப்பிக் கொண்டுவருபவன் அந்தச் சிறுவன்தான். இப்பொழுது அவன் பூனைக்கு எதையும் ஒளித்துக் கொடுப்பதில்லை. குசினி வாசலில் நின்று, இரண்டு சட்டிகளையும் மாறிமாறிப் பார்த்து, 'இதுதானே உப்பில்லாதது?' என்று ஒவ்வொரு முறையும் கேட்டு உறுதிசெய்துகொள்வான். பின்னர், சீதேவியின் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவான். அது தின்று முடிக்கும்வரை எதிரே குந்தியிருப்பான். அடியிலே சிறிது நீர் தேங்கும்போது, தட்டை அதன் பக்கமாகச் சரித்துப் பிடிப்பான். அதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.